குஞ்சைத் தூக்கி வரும் பிள்ளையைத் திட்டாதீர்கள்!

பிசான நடவு முடிந்த நேரம். பள்ளிக்கூடம் விட்டு வரப்பு வழியே வரும் உங்கள் மகன், சட்டைக்குள் எதையோ பொத்திப் பிடித்திருக்கிறான். பார்த்தால், சரியாக இறகு முளைக்காத கொக்குக் குஞ்சு. "இதுக்கு என்னப்பா கொடுக்கணும்?" என்று கேட்கிறான்.

"கண்டதையெல்லாம் ஏம்ல தூக்கிட்டு வாற? கொண்டுபோய்ப் போட்டுட்டு வா" என்பதுதான் நம்மில் பலர் சொல்லும் பதில். சிலர் பாவம் பார்த்து, வாயைப் பிளந்து பாலோ தண்ணீரோ ஊற்றுவார்கள். இரண்டிலும் குஞ்சு பிழைப்பது அரிது. பிள்ளையின் இரக்கத்துக்குச் சரியான வழி காட்டினால் குஞ்சும் பிழைக்கும், வயலுக்கும் நன்மை உண்டு. நம் பக்கத்து மாவட்டத்தில் ஓர் ஊரே இதற்குச் சாட்சி.

கூந்தன்குளம் காட்டும் வழி

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டி அருகே இருக்கிறது கூந்தன்குளம். மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் வந்து சேரும் பாசனக் குளம். சுமார் 129 ஹெக்டேர் பரப்புள்ள இந்தப் பகுதி 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022-ல் அறிவிப்பு வந்தது.

அரசு அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பிருந்தே அங்கே பறவைகளைக் காத்தவர்கள் ஊர்மக்கள்தான். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்து மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் தெருவோர மரங்களிலும் கூடு கட்டும். எச்சம் விழும், மீன் வாடை அடிக்கும். அதற்காக யாரும் கூட்டைக் கலைப்பதில்லை. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் அது. பட்டாசுக்கு ஆசைப்படும் வயதில் பிள்ளைகள் அதை விட்டுக்கொடுப்பது சின்ன விஷயமா?

காற்றடித்தால் கூட்டிலிருந்து குஞ்சுகள் விழும். ஒன்றையொன்று நெருக்கித் தள்ளியும் விழும். இப்படி விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்து, பறக்கும் பக்குவம் வந்ததும் விடுவித்தவர் அவ்வூர் பால்பாண்டி. அவருடைய மனைவி வள்ளித்தாயும் கூடவே நின்றார். வனத்துறையோடு இணைந்து அவர் செய்த இந்தப் பணி தமிழகம் முழுவதும் பேசப்பட்டது. தெருவில் விழுந்து கிடக்கும் குஞ்சு நாய்க்கோ காக்கைக்கோ இரையாகாமல் இருக்க, முதலில் பார்க்கிறவர் சொல்ல வேண்டும். ஊரில் தெருத் தெருவாகச் சுற்றும் பிள்ளைகளைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்?

விவசாயிக்கு என்ன லாபம்?

பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அது கலந்த வண்டல் நல்ல உரம் என்பதைக் கூந்தன்குளம் விவசாயிகள் அனுபவத்தில் அறிந்தவர்கள். நம் கடையநல்லூர் வட்டாரத்திலும் கருப்பாநதி அணைத் தண்ணீரால் நிறையும் குளங்கள் இருக்கின்றன. பறவை அடையும் குளத்தின் வண்டலை, வட்டாட்சியர் அனுமதி பெற்று வயலில் அடித்துப் பாருங்கள்.

உழும்போது பின்னாலேயே வரும் கொக்கு, மண்ணிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளியையும் பூச்சியையும் பொறுக்கும். தென்னந்தோப்பில் அடையும் கூகை இரவெல்லாம் எலி பிடிக்கும். அதை அபசகுனம் என்று பிள்ளைகள் கல்லெறிந்தால், எலிக்குத்தான் கொண்டாட்டம். வயலில் பறவை தாங்கி நடச் சொல்லும் வேளாண்துறையின் ஆலோசனையும் இதை வைத்துத்தான்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்

* இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். நாய், பூனை வராமல் பார்த்துக்கொண்டு விட்டுவிட வேண்டும்.

* இறகு முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால், கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் பெரியவர்கள் திரும்ப வைக்கலாம். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது தவறான எண்ணம்.

* அடிபட்ட பறவையைத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் பருத்தித் துணி விரித்து, இருட்டான அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கினால் செத்துவிடும். பாலும் சோறும் வேண்டாம்.

* தாமதிக்காமல் வனத்துறைக்கோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். மயில், கிளி போன்றவற்றை வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆடு, மாடு அடிபட்டால் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

* நாய், குரங்கு, நரி, வௌவால், பாம்பு ஆகியவற்றைப் பிள்ளைகள் தொடவே கூடாது. நாயோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும்.

* ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் யாரும் தொட வேண்டாம். விஷமாகவும் இருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது

பிள்ளை ஒரு குஞ்சைக் காப்பாற்றும் நேரத்தில், நம் தோட்டத்தில் பத்து உயிர் போனால் என்ன பயன்? மருந்து கலந்த விதையை வரப்பில் சிந்தி விடாதீர்கள். மிஞ்சிய குருணை மருந்தைத் திறந்து போடாதீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்குச் சுவர் எழுப்புங்கள். அது வரைக்கும், விழுந்த உயிர் ஏறி வர ஒரு பலகையையாவது சாய்த்துக் கட்டுங்கள். கிழிந்த நைலான் வலையை வேலியில் விட்டுவைக்காதீர்கள். கால் சிக்கிய பறவை அங்கேயே தொங்கிச் சாகும். வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர்களே மாண்ட செய்திகளைப் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

பள்ளிக்கூடத்தோடு சேருங்கள்

பல பள்ளிகளில் தேசிய பசுமைப் படை இருக்கிறது. வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் அதன் பொறுப்பாசிரியரைச் சந்தித்து, மேலே சொன்னவற்றை ஒரு மணி நேரம் பேசினால் போதும். வெயில் காலத்தில் மண் சட்டியில் தண்ணீர் வைப்பது, அனுமதி பெற்றுக் குளக்கரையில் நாவலும் நீர்மருதும் நடுவது, ஞாயிற்றுக்கிழமை குளத்துப் பறவைகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவது எல்லாம் சின்னப் பிள்ளைகளால் முடியும்.

எண்ணுவது வெறும் விளையாட்டு அல்ல. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் நடத்திவரும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் மாணவர்களும் குளக்கரையில் நின்று எண்ணுகிறார்கள். பறவை குறைந்தால் குளத்தில் ஏதோ கோளாறு என்று பொருள். அந்தக் குளத்துத் தண்ணீர்தான் நம் வயலுக்கும் வருகிறது.

அடுத்த முறை பிள்ளை சட்டைக்குள் எதையாவது பொத்திக் கொண்டு வந்தால், ஓர் அட்டைப் பெட்டியை எடுத்துக் கொடுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். மறுநாள் அவனையே கூட்டிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போய், குஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டு வாருங்கள்.