முன்பணம் கொடுக்க முதல் கடலின் படத்தைப் பாருங்கள்

கயிறு, வலை, கம்பி, குழாய் விற்கிற கடை என்னுடையது. யாழ்ப்பாணத்தில் கடலட்டைப் பண்ணைகள் பெருகத் தொடங்கிய பிறகு நைலோன் கயிறும் வலையும் எடுக்க வரும் தீவுப்பகுதி ஆட்கள் கூடிவிட்டார்கள். சரக்கு விற்றுக்கொண்டிருந்த எனக்கும் ஒரு கட்டத்தில் ஆசை வந்தது. உலர்ந்த அட்டைக்கு ஹொங்கொங்கிலும் சீனாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள விலையைக் கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது?

கடைக்கு வந்து போகிற ஒரு தரகர், "முதலாளி, ஊர்காவற்றுறைப் பக்கம் ஐந்து ஏக்கர் கடல் இருக்குது. அனுமதி வந்த மாதிரித்தான். பங்குக்கு வாறீங்களா?" என்றார். நானும் மச்சானும் சேர்ந்து மூன்று இலட்சம் ரூபா முன்பணம் கொடுத்தோம். பதிலுக்குக் கிடைத்தது ஒரு கடதாசித் துண்டு. அதில் நான்கு மூலைகளுக்கும் நான்கு ஜோடி ஜி.பி.எஸ். எண்கள். அவ்வளவுதான்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது காணி உறுதியைக் கூட எடுக்க நேரமில்லாமல் வந்தவர்கள் நாங்கள். பல வருடம் கழித்துத் திரும்பி வந்து, எங்கள் வளவின் எல்லை எது என்று அயலவரிடம் கேட்டு நின்றவன் நான். ஆகவே நான்கு மூலை என்றால் எனக்கு ஒரு கூச்சம் உண்டு. தரையிலேயே இந்தப் பாடு என்றால், தண்ணீருக்குள் இருக்கிற மூலையை யார் காட்டுவது?

என் சகோதரியின் மகன் புவியியல் படித்தவன். உயிர்ப்பல்வகைமை ஆராய்ச்சி செய்கிற ஒரு குழுவில் வரைபட ஆய்வாளராக வேலை செய்கிறான். செய்மதிப் படத்தையும் ஜி.பி.எஸ். எண்களையும் வைத்துக்கொண்டு எந்த உயிர் எங்கே இருக்கிறது, எது குறைகிறது, எது நகர்கிறது என்று கணக்கெடுப்பதுதான் அவன் தொழில். "குருவி எண்ணுற வேலை" என்று குடும்பத்தில் நாங்கள் பகிடி பண்ணுவோம். அந்தத் துண்டை அவனிடம் காட்டினேன். "மாமா, காசு கொடுத்திட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான். நான் பேசவில்லை.

அன்றிரவே லேப்டொப்பைத் திறந்தான். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செய்மதி 2015இல் ஏவப்பட்டது. 2017இல் அதற்கு ஒரு ஜோடியும் போனது. அதன்பின் ஏறத்தாழ ஐந்து நாளைக்கு ஒரு முறை எங்கள் தீவுகளுக்கு மேலால் படம் கிடைக்கிறது. படம் இலவசம். அமெரிக்காவின் லேன்ட்சற் படங்களும் 2008 முதல் இலவசம். அவற்றை விரித்துப் பார்க்கிற கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருளுக்கும் காசில்லை. முதல் போடாத தொழில் போலிருக்கிறதே என்றேன். "முதல் தலைக்குள்ள இருக்கு மாமா" என்றான்.

சென்டினல் படத்தில் ஒரு கட்டம் பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர், அதாவது நூறு சதுர மீற்றர். ஒரு ஏக்கரில் ஏறக்குறைய நாற்பது கட்டம். எங்கள் ஐந்து ஏக்கருக்கு இருநூறு கட்டம். தெளிந்த ஆழமற்ற தண்ணீரில் வெறும் மணல் வெளிறித் தெரியும். சாதாளை வளர்ந்த இடம் கருத்துத் தெரியும். சிவப்பு ஒளியைத் தண்ணீர் சீக்கிரம் விழுங்கிவிடும், நீலமும் பச்சையும்தான் அடிவரை போய்த் திரும்பும் என்பதால் அந்த நிறங்களைத்தான் இந்த வேலைக்கு நம்புகிறார்கள். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களிலும் வாடைக் காற்றில் மழை பெய்யும்போதும் தண்ணீர் கலங்கிவிடும். அப்போதைய படம் உதவாது. பங்குனி, சித்திரையில் கடல் படுத்திருக்கும் நாட்களின் படங்களைத் தேடி எடுத்தான். எங்கள் இருநூறு கட்டங்களில் பாதிக்கு மேல் கறுப்பு.

கறுப்பெல்லாம் சாதாளை என்று அவன் சொல்லவில்லை. பாசியும் கறுப்பாகத் தெரியும், கல்லும் தெரியும். நேரில் போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். என் கடையிலேயே அரை அங்குல பி.வி.சி. குழாய் வெட்டி, அரை மீற்றர் சதுரச் சட்டம் ஒன்று செய்தான். ஒரு பைபர் படகு பிடித்துப் போனோம். அவன் குறித்து வைத்திருந்த ஒவ்வொரு புள்ளியிலும் படகை நிறுத்தி, சட்டத்தை இறக்கி, சட்டத்துக்குள் எவ்வளவு புல், எவ்வளவு மணல் என்று பார்த்து எழுதினான். காலை ஆறு மணிக்குப் போனவர்கள் லுஹருக்குத்தான் கரை வந்தோம். எனக்கு வாந்தி, அவனுக்கு முதுகெல்லாம் வெயில் சுட்ட காயம். கணினி வேலை என்று நினைத்திருந்தேன். பாதி வேலை படகில்தான் நடக்கிறது.

படகோட்டி வயதான மனுஷர். எல்லாம் முடிந்த பிறகு, "இதைக் கேட்க கொம்பியூட்டர் வேணுமோ? இது நாங்கள் நண்டு பிடிக்கிற இடம். அந்தப் பக்கம் களங்கண்டி பாய்ச்சுற வரிசை" என்றார். உண்மைதான். ஆனால் அவர் சொல்லை விண்ணப்பத்தோடு இணைக்க முடியாது, படத்தை இணைக்கலாம். மருமகன் அவர் சொன்ன வரிசையையும் கேட்டு அதே படத்தில் கோடாகப் போட்டான். எங்கள் 'மூலை' ஒன்று அந்தக் கோட்டைத் தாண்டி நின்றது. பழைய லேன்ட்சற் படங்களையும் பார்த்தான். பல வருடமாக அதே இடம் கறுப்பு. ஆக, அலை அடித்து ஒதுக்கிய பாசி அல்ல, வேரூன்றிய புல்.

புல் இருந்தால் என்ன, பிடுங்கிவிட்டுக் கம்பு நட்டால் போயிற்று என்று மச்சான் கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஊரிலிருந்து ஏற்றுமதியாகிற நீல நண்டின் குஞ்சும் இறாலின் குஞ்சும் இந்தப் புல்லுக்குள்தான் வளர்கின்றன. அதைவிட வேடிக்கை, நாங்கள் வளர்க்க நினைத்த அந்த அட்டையின் குடம்பியே கடலில் மிதந்து திரிந்து கடைசியில் ஒட்டுவது சாதாளை இலையில்தான். பெரிதானபின்தான் மணலுக்குள் புதைந்து வாழ்கிறது. பண்ணைக்கு வேண்டியது மணல் தரை. புல்லைப் பிடுங்கினால் அயலில் நண்டு பிடிப்பவனின் வயிற்றில் அடிப்போம், நாளைக்கு இயற்கையாய் வருகிற அட்டைக் குஞ்சையும் கெடுப்போம்.

2022இல் அமைச்சரவை யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் கடலட்டை வளர்க்கும் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. அதே காலத்தில் வடக்கில் பல மீனவர் சங்கங்கள் பண்ணைகளை எதிர்த்துத் தெருவில் நின்றதையும் நாம் பார்த்தோம். யாருடைய பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. சண்டை வந்த பிறகு கம்பையும் வலையையும் கழற்றுகிற செலவு யார் தலையில் விழும் என்பது வியாபாரிக்குத் தெரியும்.

இந்தத் தொழிலுக்கு இப்போது கேள்வி இருக்கிறது. நெடுந்தீவில் 1,846 ஹெக்டெயர் 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து நிற்கிற குதிரைகளுக்கு வரட்சியில் தண்ணீர் எங்கே மிஞ்சுகிறது என்று சொல்லவும் படம்தான் வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் சூரிய ஒளியும் சேர்ந்த மின்திட்டத்துக்கு இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. காற்றாடி நிற்கிற இடத்தில் பறவை எந்த வழியால் பறக்கிறது என்ற கேள்வி எங்கும் எழும். அக்கரையில் தமிழ்நாடு அரசு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரை ஆவுளியாவுக்கென ஒதுக்கியது. ஆவுளியா தின்பதும் இதே புல்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த சட்டமோ ரப்பர், கோப்பி போன்ற சரக்கு எந்தக் காணியில் விளைந்தது என்று அமைவிட எண்ணோடு கேட்கிறது. நடைமுறைக்கு வரும் திகதியைத் தள்ளிப் போட்டார்கள், கேள்வியைக் கைவிடவில்லை. அட்டைக்கும் நண்டுக்கும் அந்தக் கேள்வி வராது என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தரகரின் முன் விரித்தேன். "இது யார் தந்தது?" என்றார். "வானத்திலிருந்து வந்தது" என்றேன். இரண்டு இலட்சம் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது இலட்சம் 'அடுத்த மாதம்' என்றபடி இன்னும் நிற்கிறது.

அந்த ஐந்து ஏக்கருக்குள் ஒன்றரை ஏக்கர் வெறும் மணல் இருந்தது. அதற்கு மட்டும், களங்கண்டிக் கோட்டுக்கு வெளியே புதிய நான்கு மூலை குறித்து, படகோட்டியின் சங்கத்திடம் படத்தைக் காட்டிக் கடிதம் கேட்டிருக்கிறோம். இரண்டு கூட்டம் முடிந்துவிட்டது. மூன்றாவது கூட்டத்துக்கு மருமகனையும் கூட்டி வரச் சொன்னார்கள். அவன் இப்போது நெடுந்தீவில் நிற்கிறான். போவதற்கு முன் படகுக் கூலியும் தன் இரண்டு நாள் சம்பளமும் எழுதி எனக்கு ஒரு பில் தந்தான். பி.வி.சி. குழாய்க்கான காசை அதில் ஒழுங்காகக் கழித்திருந்தான்.