காசு விழுங்கும் இரும்பு பொம்மைகள்



உண்டியல்னா நமக்குத் தெரிஞ்சது திருவிழாக் கடையில் விக்கிற மண் உண்டியல். காசு போட்டா சத்தம் வரும், அவ்வளவுதான். ஆனா காசு வச்சதும் தலையாட்டுற உண்டியல், துப்பாக்கி சுடுற உண்டியல் எல்லாம் அமெரிக்காவில் இருந்தன. அதைப் பத்திச் சொல்றேன்.

அமெரிக்காவில் 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அதற்குப் பிறகு, பிள்ளைகளுக்குச் சேமிப்புப் பழக்கம் வரணும்னு இந்த பொம்மைகளை நிறைய செய்தார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் குரோம்வெல் என்ற ஊரில் இருந்த ஜே அண்ட் ஈ ஸ்டீவன்ஸ் கம்பெனி இதில் பேர் பெற்றது. மணலில் அச்சு எடுத்து, உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். இதுதான் வார்ப்பிரும்பு. நல்ல கனம், ஆனா கீழே போட்டா உடைஞ்சிடும். தனித்தனியா வார்த்த பாகங்களைச் சேர்த்து பெயின்ட் அடிப்பார்கள்.

1896-ல் வந்தது வில்லியம் டெல் உண்டியல். துப்பாக்கி மேலே காசை வச்சு விசையை அழுத்தினா, காசு பாய்ந்து பையன் தலையில் இருக்கிற ஆப்பிளைத் தட்டிவிட்டு கோட்டைக்குள் விழும். மணியும் அடிக்கும்!

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1873-ல் வந்த டம்மனி உண்டியல். ஒரு குண்டு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கையில் காசு வச்சா, கை இறங்கி காசு அவர் பைக்குள் போயிடும். நன்றி சொல்ற மாதிரி தலையாட்டுவார். இதில் ஸ்பிரிங் வேலை இல்லை, நம்ம பாடத்தில் வர்ற நெம்புகோல்தான். காசோட எடையில் கை தாழும், காசு விழுந்ததும் மேலே வந்துடும். நியூயார்க்கில் டம்மனி கட்சிக்காரரான ட்வீட் என்பவர் ஊர்ப் பணத்தைக் கொள்ளையடித்து, அதே 1873-ல் தண்டனை பெற்றார். அந்த ஊழலைத்தான் பொம்மை கேலி செய்தது.

ஆனா இன்னொரு வகையும் இருந்தது. 1880-களில் கறுப்பின மனிதர் தலை மாதிரி ஒரு உண்டியல் செய்தார்கள். காசை வாயில் போட்டுக்கிட்டு கண்ணை உருட்டும். அந்த மக்களைக் கேவலப்படுத்தும் சொல்லையே அதுக்குப் பேரா வச்சாங்க. அவர்கள் அடிமைத்தனத்திலிருந்து சட்டப்படி விடுதலையானது 1865-லதான். கொஞ்ச வருஷத்திலேயே அவர்களைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளா ஆக்கிட்டாங்க. சீனர்களைக் கேலி செய்த உண்டியல்களும் உண்டு.

இரண்டும் கேலிதானே என்று கேட்கலாம். ஊரைக் கொள்ளையடிச்சவரைக் கேலி செய்வது வேற. ஒரு தப்பும் செய்யாதவங்களை நிறத்துக்காகக் கேலி செய்வது வேற. சேமிப்பு சொல்லிக்கொடுத்த பொம்மையே வெறுப்பையும் சொல்லிக்கொடுத்தது.

இப்போ மிச்சிகன் மாநிலத்தில் ஃபெரிஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜிம் குரோ என்ற அருங்காட்சியகம் இருக்கு. இந்த மாதிரிப் பொருள்களை அங்கே வச்சு, இனவெறி எவ்வளவு கெட்டது என்று பாடம் நடத்துகிறார்கள்.

நம்ம பள்ளியிலும் ‘கரிச்சட்டி’, ‘கருவாயி’ன்னு பட்டப்பேர் வச்சுக் கூப்பிடுறோம். என்னையும் கூப்பிட்டிருக்காங்க. விளையாட்டுக்குத்தான்னு சொல்வாங்க. அந்த உண்டியலும் விளையாட்டுச் சாமான்தான். இனிமே பேர் சொல்லியே கூப்பிடுவோமா?

— ஒன்பதாம் வகுப்பு மாணவி