வெற்றுப் பட்டியலுக்கும் ஒரு வகை உண்டு

இலங்கைக் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் முதலில் கண்ணில் பட்டது பதுளை மாவட்டத்து மடூல்சீமையில். ஆண்டு 1869. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற அந்தப் பூஞ்சை மலைமலையாகப் பரவி, கோப்பிக் காடுகளைக் காயவைத்தது. அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பதென்னையில் எழுப்பிய தொழிற்சாலை இன்றும் நிற்கிறது.

கணினி உலகிலும் கோப்பிக்குப் பின் தேயிலை வந்தது. ஜாவா மொழியின் பெயர், கோப்பிக்குப் புகழ்பெற்ற தீவிலிருந்து வந்தது. ஹைபர்னேட் என்ற மென்பொருளால் ஜாவாக்காரர்களிடையே அறியப்பட்ட கேவின் கிங், 2011இல் ரெட் ஹேட் நிறுவனத்திலிருந்து ஒரு புதிய மொழியை அறிவித்தபோது, அதற்குத் தேயிலைத் தீவின் பெயரைத் தேர்ந்தெடுத்தார்: சிலோன். அதன் முதல் முழுப் பதிப்பு 2013 நவம்பரில் வெளியானது. பெயரைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, ஜாவா அழித்துவிடும் ஒரு தகவலைச் சிலோன் கடைசிவரை காப்பாற்றியதுதான்.

அது என்ன தகவல்? நிரல் எழுதுபவருக்குப் பெயர்களின் பட்டியலும் வேண்டும், எடைகளின் பட்டியலும் வேண்டும். இரண்டிலும் வேலை ஒன்றுதான்: சேர்ப்பது, எடுப்பது, எண்ணுவது. எனவே பட்டியலை ஒரே தடவை எழுதிவைத்து, உள்ளே என்ன வகை இருக்கும் என்பதைப் பயன்படுத்துபவர் சொல்லட்டும் என்று விடுகிறார்கள். இதுதான் ஜெனரிக்ஸ். எழுத்துகளின் பட்டியல், எண்களின் பட்டியல் என்று நாம் சொல்லும்போது, அந்த ‘எழுத்து’, ‘எண்’ என்பவை பட்டியலுக்குக் கொடுக்கப்படும் வகைகள்.

ஜாவாவுக்கு இந்த வசதி 2004இல், ஐந்தாம் பதிப்பில் கிடைத்தது. நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் அந்த வகையை வைத்து ஒவ்வொரு வரியையும் கண்டிப்பாகச் சரிபார்க்கும். பிறகு அதை அழித்துவிடும். நிரல் ஓடும்போது, எழுத்துப் பட்டியலிடம் ‘நீ எந்த வகுப்பு?’ என்று கேட்டாலும் எண் பட்டியலிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. பழைய ஜாவா நிரல்களும் நூலகங்களும் ஏற்கெனவே உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை உடைக்காமல் புதியதைச் சேர்க்க, பிராக்கா, ஓடர்ஸ்கி, ஸ்டவுட்டமயர், வாட்லர் ஆகிய நால்வரும் 1998இல் முன்வைத்த வழி இது.

ஆனால் விலை உண்டு. எண் பட்டியலுக்குள் ஏதோ ஒரு வழியில் ஓர் எழுத்து நுழைந்துவிட்டால், நுழைந்த இடத்தில் சத்தம் வராது. வெகு தூரத்தில், அதை யாரோ எண்ணாக எடுக்கும்போதுதான் நிரல் விழும். பிழை நடந்தது ஓரிடம், பிடிபடுவது வேறிடம்.

‘உள்ளே இருப்பதைப் பார்த்து வகையைத் தெரிந்துகொள்ளலாமே?’ என்று தோன்றும். பட்டியல் காலியாக இருந்தால்? ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலையில் கொழும்பு ஏலத்துக்குப் போகும் சாக்குகளில் தோட்டத்தின் பெயர், பி.ஓ.பி. அல்லது டஸ்ட் என்ற தரம், இன்வொய்ஸ் இலக்கம், எடை எல்லாம் அச்சிட்டிருக்கும். இன்னும் தூள் கொட்டாத சாக்கும் எந்தத் தரத்துக்கென்று வெளியிலிருந்தே தெரியும். அச்சைத் துடைத்துவிட்டால், நிறைந்த சாக்கைத் திறந்து முகர்ந்து பார்த்துச் சொல்லலாம்; காலிச் சாக்கைப் பற்றி எவராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஓடும் நேரத்தில் வகை கிடைக்கிறது என்று ஒரு மொழி சொன்னால், அதைச் சோதிக்கும் இடமும் இதுதான். காலியான எழுத்துப் பட்டியல் ஒன்றை உருவாக்க வேண்டும். அதை ‘ஏதோ ஒரு பொருள்’ என்ற பொதுவான வகைக்குள் மறைத்துவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் கம்பைலரே முந்திக்கொண்டு விடை சொல்லிவிடும். பிறகு கேட்க வேண்டும்: நீ எண்களின் பட்டியலா? ‘இல்லை’ என்று வர வேண்டும். இந்த ‘இல்லை’தான் சோதனையின் உயிர். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று சொல்லும் ஓட்டை மொழியும் ‘ஆம்’ கேட்கும் சோதனைகளில் தேறிவிடும் அல்லவா? அதன் பிறகு பட்டியலுக்குள் பட்டியல், ஒரு ஜெனரிக் செயல்பாட்டுக்குள்ளிருந்து இன்னொன்றை அழைப்பது என்று ஆழம் போகலாம்.

சிலோனில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. அந்த மொழி தானே தரும் வெற்றுத் தொடரின் உறுப்பு வகை ‘எதுவுமில்லை’. அது எல்லா வகைகளுக்கும் கீழே நிற்கும் வகை. ஆகவே அந்தத் தொடர் எழுத்துப் பட்டியலா என்றாலும் ‘ஆம்’, எண் பட்டியலா என்றாலும் ‘ஆம்’. இரண்டும் சரியான விடைகள்! சோதனை எழுதுபவர் இதை அறியாமல் அந்தத் தொடரை எடுத்துக்கொண்டால், மொழி பிழைவிட்டதென்று எண்ணிவிடுவார். எழுத்துகளுக்கென்றே உருவாக்கிய மாற்றத்தக்க பட்டியலைத்தான் அவர் எடுக்க வேண்டும்.

சிலோன் வகையைக் காப்பாற்றிய விதம் நேரடியானது. ஜெனரிக் வகுப்பிலிருந்து ஒரு பொருளை உருவாக்கும்போதெல்லாம், ஜெனரிக் செயல்பாட்டை அழைக்கும்போதெல்லாம், வகையை விவரிக்கும் ஒரு சிறு பொருளைக் கம்பைலர் மறைவாகச் சேர்த்து அனுப்பும். கீழே ஓடுவது அதே ஜாவா இயந்திரம். அதற்கு இந்தச் சங்கதி தெரியாது. ஒவ்வொரு முறையும் கூடுதல் சுமை ஏறும். ஜாவா நூலகத்திலிருந்து வரும் பட்டியல் இந்த விவரம் இல்லாமலேதான் வரும். அதனிடம் கேட்டுப் பயனில்லை. மைக்ரோசொஃப்டின் சி ஷார்ப் 2005இல் வேறு வழியில் போனது. டொன் சைம், அன்ட்ரூ கென்னடி இருவரின் ஆய்வின்படி, இயக்கும் தளத்தையே மாற்றி வகைகளை அதற்குள் வைத்தார்கள். கோட்லின் மொழி, அழைக்கும் இடத்திலேயே விரித்து எழுதப்படும் செயல்பாடுகளில் மட்டும் ஓடும் நேரத்தில் வகையைக் கேட்பதை அனுமதிக்கிறது. ஜாவாவிலேயே, வகுப்பின் அறிவிப்பில் எழுதிய வகை கோப்பில் எஞ்சியிருப்பதைப் பயன்படுத்தி நீல் காஃப்டர் 2006இல் ஒரு சுற்றுவழியைக் காட்டினார்.

சுமை இருந்தாலும் சிலோனின் முடிவு சரியானது என்பதே என் கருத்து. நிரலாளர் எழுதிவைத்த ஒரு தகவலை, அவரே பிறகு கேட்கும்போது ‘மறந்துவிட்டேன்’ என்று சொல்லும் மொழி அவரை அரைகுறையாகத்தான் காக்கிறது. சிலோனின் 1.3.3 பதிப்பு 2017இல் வந்தது. அதே காலத்தில் திட்டம் எக்லிப்ஸ் அமைப்பிடம் போய், பிறகு வளர்ச்சி நின்றுபோனது.

பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலும் தேயிலைத் தொழில்நுட்பமும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. அங்கும், பசறை, பண்டாரவளை, லுணுகலைப் பாடசாலைகளிலும் நிரல் பழகும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: காலிப் பட்டியல் சோதனையை ஜாவாவில் ஒரு தடவையும் சி ஷார்ப்பில் ஒரு தடவையும் எழுதிப் பாருங்கள். சிலோனின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது, அதையும் வாசியுங்கள்.