கிளினிக் தேதியும் ஒரு நாள் சம்பளமும்



ரிங்லெட் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றை மனத்தில் நினைத்துக்கொள்வோம். பனி இன்னும் விலகவில்லை. கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவுக்கு நீரிழிவு நோய். இன்று கிளினிக்கில் இரத்தம் பார்க்கும் தேதி. "போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே" என்று அவர் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறார். அடுத்த தேதியும் அப்படியே தவறிப்போகிறது. வலியில்லாத நோய் என்று நாம் அலட்சியமாக இருக்கும்போது, நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் மெல்ல மெல்லக் கெடுத்துவிடுகிறது. இந்த அம்மாவுக்குச் சட்டம் என்ன கொடுக்கிறது, என்ன கொடுக்கவில்லை என்பதை இன்று பார்ப்போம்.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், நோயுற்ற தொழிலாளிக்குச் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு தருகிறது. வேலையில் சேர்ந்து 2 ஆண்டு நிரம்பாதவருக்கு ஆண்டுக்கு 14 நாள். 2 ஆண்டு முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. முன்பு இந்த 60க்குள்ளேயே மற்ற மருத்துவ விடுப்பும் அடங்கியது. 2023 ஜனவரி 1 முதல் இரண்டும் தனித்தனி. நம்மோடு மலையில் வேலை செய்யும் அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

"நாங்கள் கிலோ கணக்கில் பறிக்கிறவர்கள், எங்களுக்கு ஏது?" என்று சிலர் கேட்பார்கள். உங்களுக்கும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

ஆனால் சில நிபந்தனைகள் இருக்கின்றன. தோட்டம் ஒரு டாக்டரை நியமித்திருந்தால் முதலில் அவரிடம் போக வேண்டும், செலவு முதலாளியுடையது. அப்படி ஒருவர் இல்லாவிட்டாலும், நியாயமான நேரத்திலோ தூரத்திலோ அவர் கிடைக்காவிட்டாலும், அரசாங்க டாக்டரையோ பதிவு பெற்ற வேறு டாக்டரையோ பார்க்கலாம். தோட்டத்து டிரெஸர் கொடுக்கும் சீட்டைச் சில நிர்வாகங்கள் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் சட்டம் கேட்பது டாக்டரின் சான்றிதழை, அதாவது நாம் எம்.சி. என்று சொல்லும் சீட்டை.

அடுத்தது 48 மணி நேரம். விடுப்பு தொடங்கியதிலிருந்து 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க முயற்சியாவது செய்திருக்க வேண்டும். இல்லையென்றால், எம்.சி. கையில் இருந்தாலும் அனுமதியின்றி வராதவராகவே கருதப்படுவீர்கள். ஆகவே மண்டோரிடமோ கிராணியிடமோ உடனே சொல்லுங்கள். படுக்கையில் இருந்தால் பிள்ளையை அனுப்புங்கள்; கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பினால் அதை அழிக்காதீர்கள். எம்.சி.யைக் கொடுக்குமுன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் அம்மாவின் கதைக்கு வருவோம். அவர் அன்று படுத்த நோயாளி அல்ல, சோதனைக்குப் போகிறவர். இப்படிப் போகிறவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் பெரும்பாலும் எம்.சி. தருவதில்லை. இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை இங்கே இருந்தார் என்று ஒரு நேரச் சீட்டுதான் தருவார்கள். இந்த இரண்டும் ஒன்றல்ல. நேரச் சீட்டுக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று வேலைவாய்ப்புச் சட்டம் கூறவில்லை. கர்ப்பிணிகளின் மாதாந்திரச் சோதனைக்கும் இதே நிலைதான். பிரசவ விடுப்பு 2023 முதல் 98 நாளாக உயர்ந்தது. சோதனை நாளுக்கென்று தனி விடுப்பு வரவில்லை.

அப்படியானால் என்ன செய்வது? கிளினிக் தேதி பல வாரங்களுக்கு முன்பே அட்டையில் எழுதப்படுகிறது. அந்த அட்டையை அன்றே தோட்ட ஆபீசில் காட்டி அனுமதி கேளுங்கள். காலையில் முதல் நேரத்தைக் கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். ஆண்டு விடுப்பிலிருந்து ஒரு நாளை எடுக்கலாம். ஓராண்டு நிரம்பியவருக்குச் சேவைக்கு ஏற்ப 8, 12, 16 நாள் அது உண்டு. அடிக்கடி போக வேண்டியவர், வேலை நேரத்தையோ நாளையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். 60 நாளுக்குள் முதலாளி எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். தொழிற்சங்கம் இருக்கும் தோட்டத்தில், கூட்டு ஒப்பந்தம் பேசும்போது நேரச் சீட்டையும் சேர்க்கும்படி கேளுங்கள். சட்டம் சொல்வது குறைந்த அளவு. பேசி அதற்கு மேலும் பெறலாம்.

ரிங்லெட்டிலேயே அரசாங்கக் கிளினிக் இருக்கிறது. மருத்துவமனை என்றால் தானா ராத்தாவுக்குப் போக வேண்டும். சிறப்பு மருத்துவருக்கு ஈப்போ வரை மலை இறங்க நேரும். அதற்கு ஒரு நாள் முழுவதும் போய்விடும். இதை மண்டோருக்கு முன்கூட்டியே எடுத்துச் சொன்னால், பாதி நாள்தானே என்ற பேச்சு எழாது.

எம்.சி. கொடுத்தும், உரிய காலத்தில் தெரிவித்தும் சம்பளம் பிடிக்கப்பட்டால், சங்கத்திடம் சொல்லுங்கள். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். அங்கே உங்கள் வழக்கைச் சொல்ல வக்கீல் வைக்க வேண்டியதில்லை. சம்பளச் சீட்டும் எம்.சி. நகலும் போதிய துணை.

இன்றிரவே வீட்டில் அந்தக் கிளினிக் அட்டையை எடுத்துப் பாருங்கள். அடுத்த தேதி என்ன? நாளைக் காலை பெரட்டில் மண்டோரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். தவறிய ஒரு நாள் கூலியை அடுத்த மாதம் ஈடு செய்யலாம். போன கண்பார்வையை எந்த மாதத்தில் ஈடு செய்வது?