முருகையின் நிறம்: தோற்றமும் அடிப்படையும்

மட்டக்களப்புக் கரையோரத்தாருக்கு முருகைக்கல் என்றதும் சுண்ணாம்பு நினைவுக்கு வரும். மீன்தொட்டி வைத்திருப்போருக்கோ அதன் நிறமே பெரிது. நிறம் கல்லின் நிலைத்த பண்பெனப் பலர் கருதுவர். அது ஓர் உயிர்க்கூட்டுறவின் விளைவு என்பதை இங்கு விளக்க முனைகின்றோம்.

முருகைப் பிராணியின் இழையத்துள்ளே நுண்ணிய அல்காக்கள் வாழ்கின்றன. அவை ஒளித்தொகுப்பால் ஆக்கும் உணவிற் பெரும்பகுதியைப் பிராணி பெறுகின்றது. பிராணியின் கழிவு அல்காக்களுக்குப் பசளையாகின்றது. அல்காக்களின் நிறம் கபிலம். பச்சை, நீலம், ஊதா முதலியன பெரும்பாலும் பிராணி தானே ஆக்கும் புரதங்களால் வருவன. இவற்றுட் சில, மிகையொளியிலிருந்து அல்காக்களைக் காக்கும் குடையாகவும் அமைகின்றன.

பராமரிப்பு முறை இதிலிருந்தே பெறப்படும். தொட்டிநீரில் நைத்திரேற்றும் பொசுபேற்றும் மிகுந்தால் அல்காக்கள் பெருக, கபிலம் ஏனைய நிறங்களை மறைத்துவிடும். அவற்றை முற்றாக நீக்கினாலோ அல்காக்கள் பட்டினியுற, முருகை வெளிறும். எனவே நைத்திரேற்றை இலீற்றருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரையும், பொசுபேற்றை 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரையும், வெப்பநிலையை 24 முதல் 27 பாகை செல்சியசு வரையும் பேணுதல் வழக்கம். திடீர் மாற்றங்களைத் தவிர்த்தல் இவ்வளவுகளைப் போலவே முக்கியமானது. நீலவொளி நிறப்புரத ஆக்கத்தைத் தூண்டும். ஆயின் வெளிறிய முருகைக்கு ஒளியைக் குறைத்து, வாரக்கணக்கிற் படிப்படியாகவே கூட்டுதல் தகும்.

எனினும் பளிச்சிடும் நிறம் எப்போதும் நலத்தின் அறிகுறியாகாது. இங்கிலாந்தின் சவுதாம்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020இல் இதனைத் தெளிவுபடுத்தினர். அல்காக்களை இழந்த முருகையின் இழையத்துள் ஒளி மிகையாகப் பரவுகின்றது; அவ்வொளியே நிறப்புரதங்களைப் பெருக்க, சில முருகைகள் கண்ணைப் பறிக்கும் வண்ணம் கொள்கின்றன. அது நெருக்கடியின் நிறம். அல்காக்கள் மீள்வதற்கு நிழல்தரும் தற்காப்பு.

தொட்டிக்கு உரியது கடலுக்கும் உரியது. செட்டிபாளையம், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரைக் கிராமம். எதிரேயுள்ள படுவான்கரை வயல்களின் பசளை மழைவெள்ளத்தோடு வாவியை அடைந்து, முகத்துவாரம் வழியே கடலையும் சேரக்கூடும். வடக்கே பாசிக்குடாவிலும் காயங்கேணியிலும் முருகைகள் உள்ளன. காயங்கேணி 2019இற் கடற்சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆயின் எல்லைக்கோடு நீரின் வெப்பத்தையோ பசளையையோ தடுக்காது. 1998இலும் 2016இலும் கடல்வெப்பம் உயர்ந்தபோது இலங்கையின் முருகைகள் பரவலாக வெளிறின. தொட்டியில் ஒருவர் தனித்துச் செய்யும் சீராக்கத்தைக் கடலில் உழவரும் மீனவரும் அரசும் கூடியே செய்யவியலும். முருகைத்திட்டை நம்பிய மீனும், அம்மீனை நம்பிய குடும்பங்களும் அதிலேயே தங்கியுள்ளன.