சுட்ட மண் மறக்காது

சேவூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கீழடியில் தோண்டும் முன்பே கருவி வைத்துப் பார்த்தார்களாமே, நம்ம பக்கம் கொடுமணலுக்கு அது சரிப்பட்டு வருமா?"

2019இல் கீழடி ஐந்தாம் கட்ட அகழாய்வுக்கு முன் தமிழ்நாடு தொல்லியல் துறை டிரோன், தரை ஊடுருவும் ரேடார், காந்தமானி மூன்றையும் பயன்படுத்தியது. ரேடார் மண்ணுக்குள் அலையை அனுப்பி, சுவரில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கும். காந்தமானி எதையும் அனுப்பாது. என்னை மயக்குவது அதுதான்.

களிமண்ணில் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் உண்டு. உலையில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அவற்றின் பழைய காந்தத்தன்மை அழிந்துவிடும். சூடு ஆறும்போது, அன்றைய பூமியின் காந்தப்புலம் இருந்த திசையிலேயே புதிதாகப் பதிந்துகொள்ளும். 2,000 ஆண்டு கழித்தும் அந்தப் பதிவு அழியாது. நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. கருவியோ ஒரு நானோடெஸ்லாவுக்கும் குறைந்த மாற்றத்தை உணரும். வரிசை வரிசையாக நடந்து எடுத்த அளவுகளைப் படமாக்கினால், செக்கிங் மேசையில் விளக்குக்கு மேல் துணியை ஓட்டும்போது ஊசிக்கோடு தெரிவதுபோல் உலை துலங்கும்.

இன்னொரு விந்தை: காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதனால் இங்கே காந்தப்புலம் ஏறக்குறைய தரைமட்டமாகக் கிடக்கிறது. இங்கிலாந்தில் உலைக்கு மேலே அளவு கூடும்; நம்மிடம் உலைக்கு மேலே குறைந்து, வடக்கிலும் தெற்கிலும் கூடும். வெளிநாட்டுப் பாடநூலைப் பார்த்துக் குழி போட்டால் இடம் தவறும்.

நொய்யல் கரையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் தோண்டிய கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. அங்கே காந்தமானிக்கு நிறைய வேலையுண்டு. கம்பிவேலியும் பழைய மோட்டார் பைப்பும் பக்கத்தில் இல்லாதிருக்க வேண்டும், அவ்வளவுதான். ரேடாருக்குத்தான் கஷ்டம். உப்பேறிய மண்ணில் அலை ஆழம் போகாமல் தேய்ந்துவிடும். நொய்யலில் நாம் விட்ட சாயக்கழிவு கிணற்றையும் வெள்ளாமையையும் கெடுத்தது. 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் நிலைவரை போனோம். உப்பு இறங்கிய கரையில், முன்னோரின் சுவரைத் தேடும் கருவியின் கண்ணையும் நாமே மறைத்திருக்கிறோம்.

இனியாவது ஒன்று செய்யலாம். கல்வட்டமோ கறுப்பு சிவப்பு ஓட்டுச்சில்லோ தென்படும் காட்டில் ஜேசிபி விடும் முன் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். காந்தமானியோடு ஓர் ஏக்கரை நடந்து அளக்க ஒரு நாள் போதும். சமன் செய்துவிட்டால் உலை உடைந்து, துண்டுகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிவிடும்; அவற்றின் காந்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பிறகு எந்தக் கருவி வந்தும் பயனில்லை.