மணலில் இறங்குமுன் டயர் காற்றை ஏன் இறக்குகிறார்கள்?

துபாய்–ஹத்தா சாலையோரம், அல் பதாயர் செம்மணல் மேடுகளுக்குள் இறங்குமுன் வண்டிகள் வரிசையாக நின்று டயர் காற்றை இறக்குகின்றன. சாலையில் 35 பிஎஸ்ஐ இருந்தது 15 அளவுக்கு வந்துவிடும். ஏன்? காற்று குறைந்த டயர் தட்டையாகி, தரையைத் தொடும் பரப்பு நீள்கிறது. அதே எடை அதிக மணலில் பரவுவதால் சக்கரம் எளிதில் புதைவதில்லை. புதைந்துவிட்டாலோ, ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள். சக்கரம் சுழன்று தனக்கே குழி தோண்டிக்கொள்ளும்.

மேட்டின் காற்று மறைவுப் பக்கம் ஏறத்தாழ 34 டிகிரி சரிவு. உலர்ந்த மணல் அதற்குமேல் செங்குத்தாக நிற்காது. அங்கே நேராக இறங்க வேண்டும்; குறுக்கே ஓட்டினால் கீழ்ப்பக்கச் சக்கரங்கள் அமுங்கி வண்டி உருளக்கூடும்.

உச்சிக்கு அப்பால் எதுவும் தெரியாது. முன்வண்டி இறங்கி விலகிவிட்டதாக ரேடியோவில் சொல்லும்வரை கீழேயே காத்திருங்கள். புதியவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்.